ஐந்து வெள்ளி போய்ச் சேர்ந்த ஊர்



தமிழகத்துத் தரங்கம்பாடியில் ஓராண்டுக் காலம் தங்கி, சபையார் நடத்தும் ஒரு மாணவியர் விடுதியில் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சென்ற மாதம்தான் தோட்டத்துக்குத் திரும்பினேன். என்னை அனுப்பி வைத்தவர்களில் பலர் இந்த இதழை விடாமல் படிப்பவர்கள். வீடு வீடாகப் போய் நன்றி சொல்லத் தொடங்கினேன். ஆனால், இந்த ஓராண்டுக்குள் வேறு தோட்டங்களுக்கு மாறிப் போனவர்களும், பட்டணத்தில் பிள்ளைகளோடு குடியேறிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் நன்றி போய்ச் சேர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னை அறியாத வாசகர்களும் கூடவே வாருங்கள். ஒரு நல்ல ஊரைப் பார்த்ததாக இருக்கட்டும்.

புறப்பட்ட கதை

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டியவள். எங்கள் லுத்தரன் சபை மூலம் இந்தப் பணிக்கு அழைப்பு வந்தபோது, சம்பளமில்லாத விடுப்புதான் கிடைத்தது. விமானச் செலவைச் சபை ஏற்றுக்கொண்டது. விசா கைக்கு வரவே மாதங்கள் ஓடின. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் 38 குடும்பங்கள் மாதம் ஐந்து வெள்ளி தருவதாகப் பெயர் கொடுத்தன. அவற்றில் 11 குடும்பங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவை. "பிள்ளைங்களுக்குப் படிப்புச் சொல்லத்தானே டீச்சர் போறீங்க?" என்று கேட்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன ஒரு பாட்டி, ஐந்து வெள்ளி நோட்டை நான்காக மடித்து என் கையில் திணித்து, "இது உன் சோத்துக்கு. அங்க போய்ப் பசியோட நின்னு பாடம் சொல்லாதே" என்றார். அந்தச் சொல் ஓராண்டும் என்னுடனேயே இருந்தது.

கடலோரத்துச் சிற்றூர்

திருச்சியில் விமானம் இறங்கித் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று பஸ் மாறி மாறிப் போனால், பொறையாறு தாண்டிய சிறிது நேரத்தில் கடற்காற்று முகத்தில் அடிக்கும். 2020-இல் புதிதாக உருவான மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது இந்த ஊர். ஊருக்குள் நுழையும்போது டேனிஷ்காரர் கட்டிய வெள்ளை நிறக் கோட்டை வாசல் உங்களை வரவேற்கும். அதைத் தாண்டினால் நேராகக் கடலை நோக்கிப் போகும் ராஜ வீதி. இருபுறமும் பழைய காலத்து வீடுகளும் தேவாலயங்களும். கடைசியில் கடலைப் பார்த்தபடி, 1620-இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது.

தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் அந்த ஆண்டில்தான் டேனிஷ்காரர் இந்த இடத்தில் வாணிகம் செய்ய அனுமதி பெற்றார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் ஊரையே விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்பே, பாண்டிய மன்னர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலும் கடற்கரையிலேயே இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

நம் முன்னோர் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய நாகப்பட்டினம் இதற்குத் தெற்கே, இதே கரையில்தான் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, முதல் நாளே எனக்கு ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை. காலையில் விடுதிப் பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் பசியாறியாச்சா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "டீச்சர், எங்க ஊர் முஸ்லிம் வீட்டுல இப்படித்தான் கேப்பாங்க" என்றாள் ஒருத்தி. நம் தோட்டத்துப் பேச்சு அங்கே கடற்கரைத் தெருவில் உயிரோடு இருப்பதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

ஆனால் கடல் அங்கே அழகு மட்டும் அல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இந்த ஊரையும் அடித்துப் போட்டது. கிறிஸ்துமஸ் பாட்டும் கேக்கும் முடிந்த மறுநாள், மீனவத் தெருவே கரையில் வந்து நின்று கடலில் பால் ஊற்றி அழுதது. அன்று விடுதியில் ஒரு பிள்ளையும் சத்தமாகப் பேசவில்லை. அவர்கள் அந்த அலைக்குப் பிறகு பிறந்தவர்கள்தாம். இருந்தாலும் வீட்டுக்கு ஒரு படம் சுவரில் தொங்குகிறது.

நன்றிக் கடிதம் எழுதிய ஊர்

1706 ஜூலை 9-ஆம் நாள், சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். டேனிஷ் மன்னர் நான்காம் பிரடெரிக் அவர்களை அனுப்பினார். அப்போது சீகன்பால்குக்கு வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. தமிழ் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? ஒரு முதிய வாத்தியாரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். ஆசிரியையான எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அவர்களுக்குத் துணை நின்றவர்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பேராசிரியர் பிராங்கேயைச் சுற்றியிருந்த மக்களும், லண்டனில் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தாரும். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை 1710 முதல் ஹாலேயில் அச்சிட்டு, உதவி செய்தவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். நான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேனே, இதைப் போன்றவைதாம் அவையும்.

அந்த உதவிகளெல்லாம் சுலபமாக வந்து சேர்ந்துவிடவில்லை. 1708-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் வழியில் கடலுக்குள் போய்விட்டது. அதே ஆண்டின் இறுதியில், உள்ளூர் டேனிஷ் தளபதியோடு ஏற்பட்ட தகராறில் சீகன்பால்க் நான்கு மாதம் கோட்டையில் சிறை இருந்தார். லண்டன் சங்கத்தார் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரத்தோடு வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். அப்படியும் 1712-இல் இயந்திரம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. காகிதத்துக்காகப் பொறையாறு பக்கத்தில் பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப் பட்டறை என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது.

1716-இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். அதன் முகப்பில் டேனிஷ் மன்னரின் முத்திரை இப்போதும் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 36 வயதில் சீகன்பால்க் காலமானார். அந்த ஆலயத்துக்குள்ளேயேதான் அவர் கல்லறை இருக்கிறது. ஞாயிறு காலையில் அதன் அருகில் உட்கார்ந்து பாடும்போதெல்லாம், நான் ஓராண்டுக்கு வந்தவள் என்பது நினைவுக்கு வரும்.

உங்கள் பணத்தின் கணக்கு

நன்றி சொல்பவர் கணக்கும் சொல்ல வேண்டும் அல்லவா? 38 குடும்பங்கள், மாதம் ஐந்து வெள்ளி வீதம் 190 வெள்ளி. நான் மாற்றியபோது வெள்ளிக்கு 18 ரூபாய் கிடைத்தது. ஆக, மாதம் 3,420 ரூபாய். அதில் 3,000 ரூபாயை என் சாப்பாட்டுக்கும் அறைக்கும் விடுதியில் கட்டினேன். மறைப்பானேன்? உங்கள் பணத்தில் பெரும்பகுதி என் வயிற்றுக்குத்தான் போனது.

மிச்சம் மாதம் 420 ரூபாய். ஓராண்டில் 5,040. அதில் நோட்டுப் புத்தகம், பென்சில், வடிவியல் பெட்டிக்கு 2,900. கரும்பலகை வர்ணம், சுண்ணக்கட்டிக்கு 240. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு 800. ஒரு மூக்குக் கண்ணாடிக்கு 1,100.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எழுதச் சொன்னால் எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். மற்றவர்கள் அவளை மக்கு என்றார்கள். உண்மையைச் சொன்னால், முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ராஜ வீதிக் கடையின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னேன். பலகை எங்கே என்று கேட்டாள். கண்ணாடி போட்ட அன்று மாலை, கடற்கரைக்குப் போனபோது, "டீச்சர், அங்க போட்டு போகுது!" என்று கத்தினாள். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள்.

நான் தோற்ற இடம்

இதோடு நிறுத்திக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்னொரு பிள்ளையைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும்.

அவள் பத்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. மே மாதம் தேர்வு முடிவு வந்தபோது கணக்கில் 81 வாங்கியிருந்தாள். அவள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அரசாங்கம் நிவாரணம் தருகிறது; அது போதவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் வீட்டுக்கு வீடு கடன் ஏறுகிறது. ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. திருப்பூர்ப் பக்கம் நூற்பாலை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா எனக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். படிப்பின் அருமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க அடுத்த மாசம் ஊருக்குப் போயிடுவீங்க டீச்சர். கடன்காரரு போகமாட்டாரு."

எனக்குப் பதில் வரவில்லை. நம் தோட்டங்களிலும், பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்வாளி தூக்கப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! என் அம்மாவும் அவர்களில் ஒருவர். என் பாட்டி மட்டும் அதை வேண்டும் என்றா செய்தார்? அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. புறப்படுவதற்கு முன் விடுதிப் பொறுப்பாளரிடமும் பள்ளி ஆசிரியையிடமும் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்து, தொலைநிலையிலாவது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு எழுத வைக்கப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது. நீங்கள் தந்த ஐந்து வெள்ளியில் இந்தத் தோல்வியும் அடக்கம். அதையும் உங்களிடம் சொல்லாமல் நன்றி மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

பாட்டிக்கு வந்த எழுத்து

கடைசி ஞாயிறன்று ஆலயத்தில் உட்கார்ந்து ஒன்றை நினைத்துப் பார்த்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாத் தோட்டங்களுக்கு வந்த லுத்தரன் தமிழர்களைக் கவனிக்கத் தரங்கம்பாடிச் சபையிலிருந்து ஊழியர்கள் கடல் கடந்து வந்தார்கள். அப்படி வந்தவர்களிடம் படித்த ஓர் உபதேசியார்தான், எங்கள் தோட்டத்து லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்து என் பாட்டிக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார். சம்பள நாளில் எல்லோரும் கிராணியிடம் கைநாட்டு வைக்கும்போது, என் பாட்டி மட்டும் பேனாவை வாங்கித் தம் பெயரைக் கோணல் மாணலாக எழுதுவாராம். சாகும்வரை அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். தாம் அம்மாவைப் பாதியில் நிறுத்தியதற்கு ஈடாகத்தான், என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை விடாமல் அனுப்பினார்.

ஹாலேயில் காசு போட்டவர்களுக்கு மலாயா எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. என் பாட்டியை அவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கொடுத்தது இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் ஐந்து வெள்ளியும் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையின் கண்ணுக்குப் போனதை மட்டும் பார்த்தேன். அதற்காக 38 குடும்பங்களுக்கும், எனக்காக ஜெபித்தவர்களுக்கும், மாரியம்மன் சந்நிதியில் என் பெயரைச் சொல்லி விளக்கேற்றியவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நோட்டை நான்காக மடித்துத் தந்த பாட்டியைத் திரும்பி வந்த அன்றே போய்ப் பார்த்தேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அருகில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன்: "பாட்டி, ஒரு நாள்கூட நான் பசியோட நின்னு பாடம் சொல்லலே."

"அப்ப சரி" என்றார்.