ஆறு ஷில்லிங்

ரக்பி என்றதும் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது விடுதிப் பள்ளிகள்தான். கோலகங்சார் மலாய் கல்லூரி, அகலமான பச்சைத் திடல், கோடு போட்ட சட்டை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, காற்பந்தும் கபடியும் ஆடி வளர்ந்த எனக்கும் அது வேறு யாருடைய ஆட்டமோதான். அந்த முட்டைப் பந்தை நான் முதலில் கையில் பிடித்தபோது எனக்கு வயது இருபத்தாறு. இடம், வட இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு. அதுவும் விளையாடுவதற்கு அல்ல. சேற்றைத் துடைத்து மூட்டையில் போடுவதற்கு.

2022இல் முதுகலை படிக்கப் போயிருந்தேன். மாணவர் விசாவில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. என்னோடு இரவு ஷிப்டில் நின்றவன் இருபத்திரண்டு வயதுப் பையன், கதவளவு தோள். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்ததும் மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, மதியம் ஒரு கிளப்புக்கு ஆடப் போவான். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வட்டாரத்தில் இப்படி ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று இருக்கிறது. “வந்து பாரு. சாப்பாடு நல்லா இருக்கும்” என்றான். சாப்பாட்டுக்காகத்தான் போனேன். இறைச்சி பை, மசித்த பட்டாணி, அதன் மேல் புதினா சாஸ். பட்டாணியில் புதினாவா என்று முதலில் முகம் சுளித்தேன். மூன்றாவது வாரம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு ரக்பி இருக்கிறது என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். உலகம் பெரிதாகப் பேசுவது பதினைந்து பேர் ஆடும் யூனியன். இவர்கள் ஆடுவது பதின்மூன்று பேரின் லீக். பிரிந்த கதை ஒரு கூலிக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும். சனிக்கிழமையும் வேலை உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டக் கிளப்புகள் பணம் தரலாமா என்ற கேள்வி 1893இல் லண்டனில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. காசு வாங்காமல் ஆடுபவனே கனவான் என்பது எதிர்த்தவர்களின் கட்சி. கூலி இழக்காதவர்களுக்கு அது எளிது. இரண்டு ஆண்டு கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹட்டர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்தை ஒட்டிய ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. அதைத் தொடங்கிய கிளப்புகள் 22. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் ஈட்டுத் தொகை. அதுதான் ரக்பி லீக்கின் பிறப்பு. பதின்மூன்று பேர் என்றானது 1906இல். (யூனியன் தானும் சம்பள ஆட்டமாக மாறியது 1995 ஆகஸ்டில். சரியாக நூறு வருஷம். கனவான்களுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்திருக்கிறது.)

இதை வாட்ஸாப்பில் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் வியக்கவில்லை. “ஆமா, மரம் வெட்டப் போவலன்னா கூலி யாரு குடுப்பா?” என்றார்.

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் இடப்பக்கம் ஓடியவர். விடியுமுன் பெரட்டு, மதியம் வரை பால், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடல். கால் பிசகினால் மறுநாள் மரத்தடியில் நிற்க முடியாது, நாள் கூலி போய்விடும். அவர் குழுவில் நன்றாக ஆடிய ஒருவர் கல்யாணமான பிறகு ஆட்டத்தை விட்டதற்கு இதுதான் காரணம். அப்பா அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது என்பதுபோலச் சொன்னார்.

கபடி தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். பந்தோடு ஓடி வருபவனைப் பிடித்து நிறுத்துவதுதான் பாதி ஆட்டம். பிடித்ததும் அவனை விட்டுவிட வேண்டும். அவன் எழுந்து நின்று பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவான். எதிரணி பத்து மீட்டர் பின்வாங்கும். மறுபடி ஓட்டம், மறுபடி பிடி. ஆறு முறை பிடிபட்டால் பந்து மற்றவர்களுக்கு. அதனால் ஐந்தாவது பிடி முடிந்ததும் உதைத்துவிடுவார்கள். தொடையைக் கட்டிப் பிடித்து, தலையை அவன் பின்பக்கமாக வைத்துக்கொண்டு விழ வேண்டும் என்று பயிற்சியாளர் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். எங்கள் பள்ளிக் கபடி வாத்தியார் சொல்லாதது அந்தத் தலை விஷயம் மட்டும்தான்.

என்னை ஆடச் சொல்லவில்லை. நான் ஐம்பத்தெட்டு கிலோ. ஆனால் அங்கே யாரும் சும்மா நிற்க முடியாது. இரண்டாவது வாரமே ஒளிரும் மஞ்சள் மேலங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். பார்வையாளர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறார்களா, நடுவரை யாராவது அசிங்கமாகத் திட்டுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. அதிகம் திட்டுவது பாட்டிமார்கள். “கொஞ்சம் பின்னால நில்லுங்கம்மா” என்று என் மலேசிய ஆங்கிலத்தில் சொன்னால், “சரி லவ்” என்று ஓரடி பின்னால் போய், உடனே ஈரடி முன்னால் வருவார்கள். யார்க்‌ஷயரில் எல்லாரும் எல்லாரையும் ‘லவ்’ என்பார்கள். மூக்குடைந்த முன்கள ஆள்கூட. நம் ஊரில் ‘கண்ணு’ என்பதுபோல. முதல் முறை ஒரு கிழவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தேன், என்னைத்தானா என்று.

போன முதல் நாள் பழுப்பு முகம் ஏதாவது தெரிகிறதா என்றுதான் கண் தேடியது. பொய் சொல்வானேன். ஜமைக்கா வேர் உள்ள ஓரத்து ஆட்டக்காரன் ஒருவன், அடுத்து நான். ஊரில் பாகிஸ்தானிய, இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு, ஆனால் அவர்கள் பிள்ளைகள் கிரிக்கெட் பக்கம். கறுப்பின ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இந்த ஆட்டம் முந்திக்கொண்டிருக்கிறது. 1972இல் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்ற கிளைவ் சல்லிவன் கார்டிஃபில் பிறந்த கறுப்பர். ஹல் நகரின் முக்கியச் சாலைக்கு அவர் பெயர். தெற்காசியர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. 1995இல் இங்கிலாந்துக்கு ஆடிய இக்ரம் பட் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அது பெருமையா குறையா என்று தெரியவில்லை.

சீசன் மார்ச்சில் தொடங்கியது. சமூகக் கிளப்புகள் ஒருகாலத்தில் குளிரில்தான் ஆடின. இப்போது பல லீக்குகள் கோடைக்கு வந்துவிட்டன. கோடை என்பது அவர்கள் வைத்த பெயர். ஏப்ரலில் ஆலங்கட்டி பெய்தது. திடல் ஒருபக்கம் சரிவு, முதல் பாதியில் மேடேற வேண்டியவர்கள் டாஸ் போட்டதும் முகம் சுருங்குவார்கள். கோடு போடுவது எழுபத்து நான்கு வயதுக்காரர் ஒருவர். பழைய கம்பளி ஆலையில் நாற்பது வருஷம் நின்றவர். ஆலை இப்போது அடுக்குமாடி வீடுகள். அவர் கையில் வெள்ளைச் சாய வண்டி. முட்டி வலிக்கிறது என்று ஒவ்வொரு சனியும் சொல்வார், வண்டியை வேறு யாரும் தொட விடமாட்டார். மூத்தோர் ஆட்டம் என்று ஒன்று நடக்கும். அதில் காற்சட்டை நிறம் வயதைச் சொல்லும். தங்க நிறம் போட்டவரை யாரும் பிடித்து விழவைக்கக் கூடாது. கிழவர் தங்கக் காற்சட்டையில் ஒருமுறை நடந்தே போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். அவர் போட்ட கோடுதான்.

இந்தக் கிளப்பில் ஆட யாருக்கும் சம்பளம் இல்லை. ஆட்டக்காரன்தான் ஆட்டத்துக்கு ஐந்து பவுண்டு கட்டுகிறான். ஜெர்சி துவைப்பவருக்கு, தேநீர் போடுபவருக்கு, பதிவுப் படிவம் நிரப்புபவருக்கு எதுவும் கிடையாது. கூலிக்காகப் பிரிந்து வந்த ஆட்டம், கூலியே வாங்காதவர்களின் தோளில் நிற்கிறது. எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. மே மாதம் ஓரத்து ஆட்டக்காரனுக்குக் காறை எலும்பு முறிந்தது. கூரை வேய்பவன், சொந்தத் தொழில். ஆறு வாரம் ஏணி ஏற முடியாது, ஏறாவிட்டால் வருமானம் இல்லை. அன்று மாலை மதுக்கூடத்தில் ஒரு வாளி சுற்றி வந்தது. இறைச்சித் தட்டுக்கு நடக்கும் குலுக்கல் பணமும் அதில் விழுந்தது. யாரும் பேச்சு நிகழ்த்தவில்லை. எவ்வளவு சேர்ந்தது என்றுகூட அறிவிக்கவில்லை. வாளியை ஒருவர் காரில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். ஆறு ஷில்லிங் எங்கேயும் போய்விடவில்லை என்று அன்றைக்குப் பட்டது.

ஜூனில் என் கிடங்கு நண்பனுக்குத் தலையில் அடி. எதிரியின் முட்டி. எழுந்தான், ஓடினான், எதிரணியின் வரிசையில் போய் நின்றான். கூட்டம் சிரித்தது. முதலுதவிக்காரப் பெண்மணி மட்டும் சிரிக்காமல் திடலுக்குள் ஓடினார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், அவர் மகன் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியில். அந்த ஏப்ரலில்தான் சமூக விளையாட்டுகளுக்கான மூளையதிர்ச்சி வழிகாட்டி பிரிட்டனில் வந்திருந்தது. அடிபட்டால் குறைந்தது இருபத்தொரு நாள் போட்டியில் இறங்கக் கூடாது. அந்தத் தாளை அவர் தேநீர் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்.

பதினான்காம் நாள் உள்ளூரில் ஆட்டம். ஒருவனுக்கு ஷிப்டு, ஒருவனுக்குத் தங்கை கல்யாணம், இருவர் ஸ்பெயினில். வந்தது பன்னிரண்டு பேர். ஏற்கெனவே ஓர் ஆட்டத்தை ஆள் இல்லாமல் விட்டுக்கொடுத்திருந்தோம். தோற்றால் கடைசி இடம். நண்பன் பூட்ஸோடு வந்து நின்றான்.

“தலைவலி ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

பயிற்சியாளர் அந்தப் பெண்மணியைப் பார்த்தார். “பதினாலு நாள் ஆச்சே.”

“அப்போ இன்னும் ஏழு.”

“பன்னெண்டு பேர்தான் இருக்கோம்.”

“எண்ணத் தெரியும் லவ்.”

பயிற்சியாளர் பந்தைச் சுவரில் எறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அந்த அணிதான் வாரம் முழுக்க நினைப்பு. ஆனால் அவர் பெட்டியில் பெயரை எழுதவில்லை. பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். நண்பன் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான், ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. 44–6. கடைசி ஐந்து நிமிஷத்தில் வந்த அந்த ஒரே டிரைக்கு, கோப்பை ஜெயித்ததுபோலக் கத்தினோம். நானும் மஞ்சள் மேலங்கியோடு கயிற்றைத் தாண்டிப் போய்விட்டேன். பாட்டிமார்கள் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள்.

அவன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணாடி ஏற்றியிருக்கும், வானொலி ஓடும். ஆட்டத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தால் வயிறு கலங்கும் என்பார். தலையில் அடிபட்ட பிறகு விட்டுவிடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. அந்தப் பன்னிரண்டு பேர் ஆட்டத்தன்று முதல் முறையாகக் காரைவிட்டு இறங்கித் தேநீர் அறைக்குள் வந்தார். முதலுதவிக்காரப் பெண்மணியிடம் என்ன பேசினார் என்று தெரியவில்லை. வெகு நேரம் இருவரும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் முடிவைக் கேட்பார். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறு விவரங்கள். “யாரு கோடு போடுறா?” சொன்னேன். “சட்டைய யாரு தொவைக்கிறா?” சொன்னேன். ஒருநாள், “திடலு யாரோடது?” என்றார். நிலம் நகராண்மையுடையது, நீண்ட காலக் குத்தகை. கட்டடம் கிளப்புடையது, அந்தக் காலத்தில் ஆட்களே செங்கல் தூக்கிக் கட்டினார்களாம் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது திடலும் போனது. இப்போது அங்கே தாமான் கடை வரிசை, கோல்கம்பம் நின்ற இடத்தில் ஒரு கைப்பேசிக் கடை. ஜெர்சிகளை யாரோ வைத்திருந்தார்கள், பிறகு அதுவும் இல்லை. “எங்களுக்கும் ஆளு இருந்தாங்கடா. எடம்தான் எங்களோடது இல்ல” என்றார். அங்கே ஆலை போனது, கிளப் நின்றது. இங்கே தோட்டத்தோடு எல்லாமே போனது. நம்மிடம் ஒற்றுமை இல்லை என்று மேடையில் பேசுபவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அப்பாவின் மூன்றாவது கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

கடைசிக்கு முந்தைய இடத்தில் சீசனை முடித்தோம். அக்டோபரில் நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் ஆண்டுப் பொதுக்கூட்டம். பத்தொன்பது பேர் வந்தார்கள். செயலாளர் பதவிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கோடு போடுவது? “முட்டி விடுறவரைக்கும் நான்தான்” என்றார் கிழவர். முதலுதவி? பெண்மணி கையை உயர்த்தினார். பொருளாளர்? பழையவர் உடம்பு முடியாமல் விலகுகிறார். யாரும் பேசவில்லை. ஒருவர் தன் பூட்ஸைப் பார்த்தார், ஒருவர் கைப்பேசியை. பொருளாளர் இல்லாமல் வங்கிக் கணக்கு ஓடாது, அடுத்த சீசனுக்குப் பதிய முடியாது. இரண்டு வாரம் தள்ளிவைத்துக் கூட்டத்தை முடித்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டார், “ஆளு போட்டாங்களா?” என்று. நவம்பரில் ஒரு காலை நண்பனிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஆள் கிடைத்துவிட்டதாம். யாரென்று கேட்டேன்.

அவன் அம்மா.