தந்தை தராத மொழி

எங்கோ பிறந்து எங்கோ மறைந்த சில மனிதர்களின் வரலாறு, நம் வீட்டுக் குறையை நமக்கே எடுத்துக் காட்டிவிடுகிறது. வேல்ஸ் வழிவந்த செதுக்கோவியரும் நூற்கலைஞருமான டேவிட் ஜோன்ஸின் வரலாறு எனக்கு அப்படித்தான் அமைந்தது.

இவர் 1895ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இலண்டனைச் சார்ந்த பிராக்லியில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஜோன்ஸ், வட வேல்ஸிலுள்ள ஹோலிவெல் என்னும் ஊரினர், அச்சகப் பணியாளர். வெல்ஷ் மொழி பேசினால் மகனின் முன்னேற்றம் தடைப்படும் என்று அஞ்சி, ஜேம்ஸின் பெற்றோர் அவரை அம்மொழியிலிருந்து விலக்கியே வளர்த்தனர். ஆதலால் டேவிடுக்குத் தந்தை வழியாகக் கிடைத்தவை சில வெல்ஷ் பாடல்களே, மொழி கிடைக்கவில்லை.

முதல் உலகப் போரில் வெல்ஷ் படைப்பிரிவொன்றில் சேர்ந்த டேவிட், 1916 ஜூலையில் பிரான்சின் மாமெட்ஸ் காட்டில் காலில் குண்டடிபட்டார். 1921இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். பின்னர், எரிக் கில் என்ற எழுத்துச் சிற்பியைச் சூழ்ந்திருந்த கைவினைஞர்களோடு வாழ்ந்து மரச்செதுக்குக் கலையைப் பயின்றார். கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் சிற்றுளியால் செதுக்கும் கலை அது. செதுக்கி நீக்கிய இடம் தாளில் வெண்மையாகும். எஞ்சிய மேடு மையை ஏற்கும். எழுத்துகளைச் செதுக்குவதாயின், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, அரபி ஓதும் நமக்குப் புதிதன்று. அவருக்கோ அது கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் உழைப்பு.

1926இல் யோனாவின் வரலாறும், 1927இல் பெருவெள்ள நாடகமும் அவருடைய மரச்செதுக்குப் படங்களோடு நூல்களாக வெளிவந்தன. யோனா என அவர்கள் அழைப்பவர் நம் யூனுஸ் நபி (அலை). பெருவெள்ளம் நூஹ் நபி (அலை) காலத்தது. நபிமார்களை உருவமாக வரைவது நமக்கு ஏற்புடையதன்று. அதில் அவரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும், வேத வரலாறு ஒன்றைத் தாளில் பதிக்க ஒருவர் மேற்கொண்ட உழைப்பின் நேர்மையை மதிப்பதில் தவறில்லை. 1929இல் கோல்ரிட்ஜின் முதிய மாலுமிக் கவிதைக்குச் செப்புத் தகட்டில் பத்துப் படங்கள் செதுக்கினார். அதன்பின் கண் ஒத்துழைக்கவில்லை. செதுக்குக் கலையைக் கைவிட்டார். 1932இல் மனநலமும் குன்றியது. உடல்நலமும் மனநலமும் தேறும்பொருட்டு 1934இல் நண்பர்கள் அவரைக் கெய்ரோவுக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் அனுப்பி வைத்தனர். அப்புனித நகரில் காவல் நின்ற ஆங்கிலச் சிப்பாய்களைக் கண்டபோது, முன்னாளில் அங்கே நின்ற ரோமானியப் படைவீரர்கள் அவர் நினைவில் எழுந்தனர். பிற்காலக் கவிதைகள் பலவற்றுக்கு அக்காட்சியே வித்தாயிற்று. போர் அனுபவத்தை அவர் எழுதிய நூல் 1937இல் வெளிவந்து, மறு ஆண்டு ஹாதோர்ண்டன் பரிசு பெற்றது.

என் உள்ளத்தைத் தொட்டது அவருடைய பிற்காலப் பணியே. வெண்ணிறம் பூசிய தாளில் வண்ணத்தால் எழுத்துகளை மட்டும் தீட்டலானார். இலத்தீனும் வெல்ஷும் ஆங்கிலமும் ஒரே தாளில் அருகருகே நின்றன. அளவுகோல் பிடித்து வரைந்த எழுத்துகளல்ல அவை. ஒவ்வொன்றும் பக்கத்து எழுத்துக்கு இடம் கொடுத்து அமைந்தவை. நம் கத்தாத்துகளின் கைவண்ணத்தில் ஊறியவர்களுக்கு அந்த ஈடுபாடு உடனே விளங்கும். வெல்ஷ் மொழியை அவர் நூல்களிலிருந்தும் அகராதியிலிருந்தும் தேடித் தேடிக் கற்றார். சரளமாகப் பேச இறுதிவரை வரவில்லை. நாவில் ஏறாத மொழிக்குக் கையால் மரியாதை செய்தார். 1974 அக்டோபர் 28ஆம் நாள் அவர் மறைந்தபோது, தந்தை தராத மொழி அவருடைய தாள்களில் நிலைபெற்றிருந்தது.

இனி என் குறையைச் சொல்ல வேண்டும். என் உம்மம்மா இரவுதோறும் அரபுத் தமிழில் அச்சிட்ட மாலைகளை ஓதுவார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்து அது. அவர்கள் மடியில் இருந்தே நான் அதைப் படிக்கப் பழகினேன். அரபியும் தமிழும் ஊராருக்குக் கற்பித்த நான், இதை மட்டும் என் மக்களுக்குக் கற்பிக்கவில்லை. "எந்தத் தேர்வுக்கு உதவப் போகிறது?" என்று எண்ணிவிட்டேன். ஜேம்ஸ் ஜோன்ஸின் பெற்றோர் அச்சத்தால் செய்ததை நான் அலட்சியத்தால் செய்தேன். அச்சத்துக்காவது ஒரு காரணம் உண்டு.

சென்ற மாதம் என் பேத்தி, பெட்டியிலிருந்த உம்மம்மாவின் நூலை விரித்து ஓர் எழுத்தைச் சுட்டினாள். "அப்பா, இது குர்ஆனில் இல்லையே, என்ன எழுத்து?" என்றாள். அந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே என் வீட்டில் எழுந்திருக்க வேண்டும். இப்போது அஸர் தொழுகைக்குப் பின் நாள்தோறும் அரைப் பக்கம் படிக்கிறோம். தாள்கள் பொடியாக உதிர்வதால் அவளே பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வருகிறாள். அவளுடைய எழுத்து இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. நான் திருத்த அவசரப்படவில்லை.