“அப்புறம் சொல்றேம்ப்பா!”

அப்பாவுக்குக் காது மந்தமாகி நாலு வருஷமாகிறது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ‘ஒரே இரைச்சல்’ என்று அலமாரியில் வைத்துவிட்டார். டி.வி-யில் காமெடி வந்து எல்லோரும் சிரித்தால், “என்ன சொன்னான்?” என்பார். “அப்புறம் சொல்றேம்ப்பா” என்போம். சொன்னதே இல்லை. மெள்ள மெள்ளக் கேட்பதை விட்டுவிட்டு, வாசல் நாற்காலிக்கே போய்விட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகன் ‘வால்-ஈ’ போட்டான். 2008-ல் பிக்ஸார் எடுத்த அனிமேஷன் படம். மனிதர்கள் கைவிட்டுப் போன பூமியில் 700 வருஷமாகக் குப்பை அள்ளும் குட்டி ரோபோ, விண்வெளிக் கப்பலுக்குப் போய்ச் சேரும் கதை. முதல் அரை மணி நேரத்துக்கு வசனமே இல்லாத மாதிரிதான். இந்தப் படத்துக்காக சாப்ளின், கீட்டனின் மௌனப் படங்களை தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தார்களாம்.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அப்பா, சொம்போடு நின்றுவிட்டார்.

குப்பையில் ஒரு நகைப்பெட்டி கிடைக்கிறது. உள்ளே வைர மோதிரம். வால்-ஈ மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, டப் டப்பென்று மூடித் திறக்கும் பெட்டியைப் பத்திரப்படுத்துகிறது!

எங்களுக்கு முன்னால் அப்பா வெடித்துச் சிரித்தார். “உங்கம்மாதான்! புடவையைத் தங்கச்சிக்குக் கொடுத்துட்டு, கட்டைப்பையை மடிச்சு வெச்சுக்குவாளே!”

கப்பலில் ‘மோ’ என்று ஒரு துப்புரவு ரோபோ. வால்-ஈ போகிற இடமெல்லாம் பதியும் அழுக்குத் தடத்தைத் துடைத்துக்கொண்டே துரத்தும். அதற்கும் அப்பா அம்மாவைத்தான் கை காட்டினார். “அழுக்கா இருந்தா துடைக்க வேணாமா?” என்றாள் அம்மா. வீடே அதிர்ந்தது.

கடைசியில் கப்பல் பூமிக்குத் திரும்புகிறது. கேப்டன் ஏதோ பேச, குழந்தைகள் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். அவ்வளவுதான்.

படத்தை நிறுத்தச் சொல்லி, அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன்: “இனிமே விவசாயம் பண்ணப் போறாங்களாம்ப்பா. காய்கறிச் செடி, பீட்ஸா செடி எல்லாம் வளர்ப்பாங்களாம்!”

அப்பா யோசித்தார். “பீட்ஸாவுக்கு விதை எங்க கிடைக்குமாம்?”

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் படம் ஓடி முடிய ரொம்ப நேரமாகிறது. ரிமோட் என் கையில்தான் இருக்கிறது.