வேம்பும் வானலையும்

வானலைத் தொடுப்பு ஒரேயடியாக அறுந்துவிட்டால் பெருந்தொல்லையில்லை. குறை இருக்குமிடம் விரைவில் வெளிப்பட்டுவிடும். அறாமலும் ஓடாமலும் முனகிக்கொண்டிருப்பதே ஆளை அலைக்கழிப்பது. எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்திலிருந்து 600 மீற்றர் தள்ளியுள்ள மாணவர் விடுதிக்கு, இரு கூரைகளிலும் அலைவாங்கி பொருத்தி, 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையில் இணையத் தொடர்பு கொடுத்திருந்தோம். ஆனியில் குறையொன்றுமில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் உயர்தர வகுப்பு மாணவரின் இரவுப் பாடங்கள் பாதியில் நின்றன. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“மழை அலையைக் குடிக்கிறது” என்றனர் பலர். பௌதிகவியல் கற்பிப்பவனுக்கு அது ஒப்பவில்லை. இந்த அலைக்கு, இச்சிறு தூரத்தில், கொட்டும் மழைகூட ஒரு டெசிபல் இழப்பையும் தராது. எங்கள் கருவியிலோ சமிக்ஞை மறை 66இலிருந்து மறை 76க்கு இறங்கியிருந்தது. பத்து டெசிபல் என்றால் வந்துசேரும் வலு பத்திலொன்று. அயலவர் கருவிகளின் இடையூறாயின் இரைச்சலல்லவா கூடியிருக்கும்? வடத்தின் பொருத்துகளைக் கழற்றிப் பார்த்தோம், நீர் புகவில்லை.

புதுக்கருவி வாங்கலாமென்ற பேச்சை நிறுத்திவைத்து, மாணவர் இருவரை மணிக்கொருமுறை அந்த எண்ணைக் குறிக்கச் செய்தேன். மூன்றாம் நாள் விடை கிடைத்தது. மழை ஓய்ந்தும் எண் ஏறவில்லை. மறுநாள் வெயிலேறிய பின்னரே மறை 70 ஆயிற்று. நனைந்திருந்து உலர்ந்தது எது? நடுவழியில், ஆச்சியொருவரின் வளவில் நின்ற வேம்பு!

“எதிர்க்கூரை இலைகளுக்கூடாகத் தெரிகிறதே, சேர்” என்றான் ஒருவன். கண்ணுக்குத் தெரிதல் போதாது. அலை நூல்போலச் செல்வதன்று. நடுவிற் பருத்த கதிர்போன்ற வெளி அதற்கு வேண்டும். பிரான்சிய அறிஞர் பிரெனெல் (1788–1827) ஒளியை ஆராய்ந்து கண்ட கணக்கு இது. வானொலியை அவர் கனவிலும் கண்டிலர். எங்கள் தொடுப்புக்கு நடுவழியில் அந்த வெளியின் ஆரை ஏறக்குறைய 2.8 மீற்றர். அதற்குள் வேம்பின் புதுக்கொப்புகள் நுழைந்திருந்தன. நீர் சுமந்த இலைகள் அலையை மேலும் விழுங்கின.

கொப்பைத் தறிக்கக் கேட்டபோது ஆச்சி சொன்னார்: “உதிலை மட்டும் கைவைக்காதையுங்கோ தம்பி. என்ரை அவர் வைச்ச மரம்.”

பிறகு கேட்கவில்லை. இருபுறக் கம்பங்களையும் பத்தடி உயர்த்தினோம். மின்னலுக்கஞ்சிப் புவித்தொடுப்பும் இட்டோம். அடுத்த அடைமழை இரவில் எண் மறை 66. விடுதியில் பாடம் பத்து மணிவரை நடந்தது. வேம்பு இன்னும் வளரும். ஆதலால் எண்ணைக் குறிக்கும் பணி அவ்விரு மாணவரிடமே இருக்கிறது.