கூரை இல்லாத காரின் தரை

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பினால், தகரக் கொட்டகை போட்ட டிங்கர் பட்டறை ஒன்று இருக்கிறது. வாசலில் இன்சூரன்ஸ் பணத்துக்குக் காத்திருக்கும் நசுங்கிய புதுக் கார்கள். உள்ளே, நாலு பக்கமும் மரக்கட்டை கொடுத்து மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சீட் இல்லை, பெட்ரோல் டாங்க் இல்லை, கூரையும் இல்லை. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் பட்டறையின் சிமென்ட் தரை தெரிந்தது.

இந்த வண்டிக்கு இது கிட்டத்தட்ட சொந்த ஊர். இதே சாலையில் தெற்கே போனால் வண்டலூர்ப் பக்கம்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து ஹெரால்டு அங்கே தயாரானது. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வடிவமைத்த கார். இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் 1959-ல் வந்தது. சேசிஸும் பாடியும் ஒரே கூடாகக் கார் செய்வது பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அதைத் தயாரித்த கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி ஹெரால்டை அமைத்தார்கள். கூரையும் போல்ட்டில்தான் நிற்கும். இந்த வண்டியின் கூரையையும் எப்போதோ யாரோ கழற்றிவிட்டு, கேன்வாஸ் மூடி போட்டிருக்கிறார்கள்.

“இதுவே பழைய ஃபியட்டா இருந்தா கூரைய அறுத்ததும் கதை முடிஞ்சிது சார்” என்றார் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். மூலையில் கிடந்த செருப்புப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். “மூடி இருக்கச்சொல்ல திருகிப் பாருங்க. இப்போ மூடிய எடுத்துட்டுத் திருகுங்க.” பெட்டி துவண்டது. ஃபியட் 1100-க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்கும். கூரை போனால் அதன் பங்கும் தரைமேல் விழும். கல்யாண ஊர்வலத்துக்காகக் கூரை அறுத்த ஃபியட்டுகளில், ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறாராம்.

ஹெரால்டுக்கு அடியில் சேசிஸ் இருக்கிறது. ஆனால் பாடி உட்கார்ந்திருப்பது அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில். தரை ஒழுகினால் அடுத்து அழுகுவது அந்தக் கைகள்தான். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேஸ்திரி ஒரு சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது, கெட்டது பொத்தென்றது. சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பெயின்ட்டோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

தண்ணீர் வருவது கேன்வாஸ் தையல் வழியாகவும் கண்ணாடி ரப்பர் வழியாகவும். வருவதில் ஆபத்து குறைவு, தங்குவதில்தான் அதிகம். ரப்பர் மேட்டுக்குக் கீழே போட்ட நார் மெத்தை ஒரு மழையைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். சென்னையின் உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். இரும்பைவிடத் துருவுக்குப் பருமன் பல மடங்கு. ஒன்றன்மேல் ஒன்றாக வெல்டிங் வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு புகுந்தால், ஆப்பு அடித்ததுபோல் அவற்றைப் பிளந்துவிடும். இந்தத் தரையிலும் அதுதான் நடந்திருந்தது. ஓட்டைமேல் பேட்ச், அந்தப் பேட்ச்மேல் இன்னொரு பேட்ச், மேலே கனமாகத் தார். ஒவ்வொன்றும் அடியில் ஈரத்தைப் பூட்டிவைத்திருந்தது.

கிரைண்டரைத் தொடுமுன் கதவு இடைவெளியில் வேலை. முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே இரும்புக் குழாயைக் குறுக்காக வைத்து வெல்டிங் பொட்டு வைத்தார்கள். கதவைச் சுற்றி உள்ள இடுக்கை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள். தரையை வெட்டினால் பாடி அசையும். அசைந்த நிலையில் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டுவதில்லை. வெட்டாத பக்கம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய பக்கத்துக்கு அளவும் அதுவே.

வண்டிக்காரர் அன்று வந்திருந்தார். “மூணு எம்.எம். பிளேட்டே வாங்கித் தரேன் மேஸ்திரி. ஆயுசுக்கும் அசையாது” என்றார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. பழைய தகடு மெல்லிசு. அதன் ஓரத்தில் கனத்த பிளேட்டை வைத்தால், பிளேட்டை உருக்குகிற சூட்டில் பழைய தகடு ஓட்டையாகிவிடும். ஒட்டினாலும், அசைகிற வண்டியில் விறைத்த பிளேட்டின் விளிம்பை ஒட்டியே விரிசல் விடும். “கனத்துல இல்ல சார் பலம், மடிப்புல இருக்கு” என்று 18 கேஜ் தகட்டை எடுத்தார். 1.2 மில்லிமீட்டர்தான். இரண்டு குழாய்களுக்கு நடுவே வைத்து, மழுங்கிய உளியால் பள்ளம் பள்ளமாக வரி இழுத்தார். வெறும் தகடாகக் காலால் மிதித்தபோது டப்பென்று உள்வாங்கிய அதே இரும்பு, வரி விழுந்த பிறகு நான் ஏறி நின்றும் அசையவில்லை.

வரி இழுக்க அரை நாள் ஆகிறது. வெல்டிங் அதைவிடச் சீக்கிரம் முடிகிறது. ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, துளை வழியே அடித் தகட்டோடு சேர்த்து உருக்கி நிரப்புகிறார்கள். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் செய்ததற்கு இது மாற்று. ஒரே கோடாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். அதனால் இங்கே ஒரு பொட்டு, எதிர்க்கோடியில் ஒரு பொட்டு. முன்பெல்லாம் கேஸ் வெல்டிங், இப்போது சி.ஓ.2 மெஷின், சூடு குறைவு. ஒயரிங்கின்மேல் ஈரச் சாக்கு போட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளியோடு ஒரு பையன் நின்றான்.

பின்பு ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் சீலன்ட், அடியில் அண்டர்கோட்டிங். கம்பெனி விட்ட வடிகால் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. போன முறை வேலை பார்த்தவர் தார் பூசியதில் அவையும் அடைபட்டிருந்தன.

இவ்வளவும் முடிந்தபின் மேட் மூடிவிடும். பெயின்ட் பளபளப்புக்குப் பேரம் பேசாமல் பணம் தருகிறவர்கள் தரைவேலைக் கூலியில் குறைக்கப் பார்ப்பார்கள் என்றார் மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாததற்கு விலை சொல்வது கஷ்டம். அதற்கு அவரிடம் ஒரு வழி உண்டு. வேலை முடிந்ததும் குழாய்களை அறுத்தெடுத்துவிட்டு, வண்டிக்காரர் முன்னால் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அவரையே கதவைத் திறந்து மூடச் சொல்வார். கதவு உரசாமல் மூடினால் கூலியில் பேரம் கிடையாது.

இடது பக்கத்தை மேஸ்திரி முடித்திருந்தார். வலது பக்கத்தை வாளிக்காரப் பையனிடம் விட்டிருக்கிறார். “கோணலா வச்சான்னா?” என்று கேட்டேன்.

“அறுத்துட்டுத் திரும்ப வைப்பான். தகடு காசு என்னுது.”