நான்கு உள்ளங்கை அளவு



கார் டயர் வாங்கிய கதையை எழுத இங்கே இடமுண்டா என்று சில நாள்கள் தயங்கினேன். விலை குறைந்ததை வாங்குவதா, விலை உயர்ந்ததை வாங்குவதா என்ற கேள்வி, கார் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து நிற்பதுதான். அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை அலட்சியமாக விடை சொன்னேன். அந்த அலட்சியத்தின் விலையை முகம் தெரியாத வீட்டுக் குழந்தை ஒன்று கொடுக்க இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 அக்டோபர் மாதம். என் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். குனியமுத்தூரிலிருந்து அவினாசி சாலையில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்புவது என் பொறுப்பு. அன்று மஃக்ரிபுக்குப் பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். பல நாள் வெயிலுக்குப் பின் பெய்த முதல் மழை. சாலையில் படிந்திருந்த புழுதியும் எண்ணெயும் நீரோடு கலந்து வழுக்கும் நேரம் அது. உக்கடம் மேம்பாலத்திலிருந்து பாலக்காடு சாலைப் பக்கம் இறங்கும்போது, முன்னால் சென்ற இருசக்கர வாகனம் பள்ளத்தைக் கண்டு சட்டென்று வேகம் குறைத்தது. நான் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன். போதிய இடைவெளியும் விட்டிருந்தேன். பிரேக்கை மிதித்தேன். பெடல் காலடியில் அதிர்ந்தது, கார் நிற்கவில்லை. பனிக்கட்டியின் மேல் தள்ளிவிட்டது போல அது முன்னே போய்க்கொண்டே இருந்தது.

ஒரு முழ இடைவெளியில் நின்றது. அந்த வண்டியில் அப்பாவின் முன்னால் நின்றபடி பயணித்த குழந்தைக்கு மூன்று வயதிருக்கும். நனையாமலிருக்கத் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார்கள். அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அம்மா வீடு வரும்வரை திக்ரு ஓதிக்கொண்டே வந்தார்கள். இரவு படுக்கும் முன் ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "அந்தப் புள்ள முகம் கண்ணுக்குள்ளேயே நிக்குதுப்பா."

மறுநாள் காலை வீல் அலைன்மென்ட் செய்யும் கடையொன்றுக்குச் சென்றேன். பிரேக்கில்தான் கோளாறு என்று நம்பியிருந்தேன். கடையிலிருந்தவர் பிரேக்கைச் சோதித்துவிட்டுத் தலையசைத்தார். டயரின் மேல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் பதியவில்லை. பக்கச் சுவரில் தலைமுடி போன்ற வெடிப்புகள்.

"பட்டன் இருக்குதுங்க பாய். ஆனா ரப்பர் செத்துப் போச்சுங்க" என்றார்.

பிறகு டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 2318. முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2018ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் அது. நான் அதை வாங்கியது 2020இன் இறுதியில், ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், ‘சலுகை விலை’ என்று எழுதியிருந்த ஒரு கடையில். இரண்டரை ஆண்டு கிடங்கில் கிடந்த சரக்கைப் புதியதென்று நினைத்து வாங்கியிருக்கிறேன். விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டயருக்கு அறுநூறு ரூபாய் குறைந்தது என்ற மகிழ்ச்சியில் வீடு திரும்பியது நினைவிருக்கிறது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அதற்கடுத்த ஆண்டு அதே காருக்குத் தொடுதிரை வைத்த பாட்டுப் பெட்டியும் புதிய இருக்கை உறைகளும் போட்டேன். இருபத்திரண்டாயிரம் ரூபாய். அப்போது நான் பேரம் பேசவில்லை.

புதிய டயர்கள் வாங்க வேண்டும் என்பது முடிவாயிற்று. எவை என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது.

ஷார்ஜாவில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த மச்சானுக்கு ஐயமே இல்லை. "உயர்ந்த கம்பெனி டயரா வாங்குங்க மச்சான். உயிரைவிடவா காசு பெருசு?" என்றார். விலை கேட்டேன். எங்கள் காரின் அளவுக்கு ஒன்று 7,400 ரூபாய், நான்குக்கு 29,600. அடித்தட்டு விலையில் கிடைத்தது ஒன்று 4,200, நான்குக்கு 16,800. இடையில் 12,800 ரூபாய். மருந்துச் சீட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் வீட்டில் இது சிறிய தொகையன்று.

பெரியத்தா வேறு உலகத்தவர். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். கொங்கு நாட்டு லாரிக்காரர்களுக்கு டயர் என்பது டீசலுக்கு அடுத்த பெருஞ்செலவு. தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் ஒட்டி மீண்டும் ஓட்டும் ரீட்ரெடிங் தொழில் இங்கே வேர்விட்டதற்கு அதுவே காரணம். அதற்கான ரப்பரைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பும் எல்ஜி ரப்பர் நிறுவனம் கோவையைச் சேர்ந்தது. அப்படி ஒவ்வொரு மில்லிமீட்டர் ரப்பருக்கும் கணக்குப் பார்த்து வாழ்ந்த பெரியத்தாவிடம், விலை குறைந்ததே போதும் என்ற விடையை எதிர்பார்த்துச் சென்றேன்.

"லாரியில முன் சக்கரத்துக்கு நாங்க ரீட்ரெட் டயர் போடவே மாட்டோம்" என்றார். "பின்னால எட்டு சக்கரம் இருக்கும். அதுல ஒண்ணு போனா வண்டி நிக்கும். முன்னால ஒண்ணு போனா ஆளு போயிருவான். எங்க மிச்சம் புடிக்கணும், எங்க புடிக்கக் கூடாதுன்னு தெரியறதுதான் தொழிலு. உன் கார்ல நாலும் முன் சக்கரந்தான்."

அதன் பிறகுதான் முறையாகக் கணக்குப் பார்த்தேன்.

கடைக்காரர்கள் சொன்ன ஆயுளை அப்படியே எடுத்துக்கொண்டால், குறைந்த விலை டயர் 35,000 கிலோமீட்டர் ஓடும். உயர்ந்தது 55,000 ஓடும். கிலோமீட்டருக்கு முன்னது 48 காசு, பின்னது 54 காசு. வேறுபாடு ஆறு காசு. பார்த்தால் உயர்ந்ததே மேல் என்று தோன்றும். ஆனால் நான் ஆண்டுக்கு ஓட்டுவது 9,000 கிலோமீட்டர். 55,000 ஓடி முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் வெயிலும் காலமும் ரப்பரை இறுக்கிவிடும். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்வது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கடைவீதிக்கும் ஓடும் குடும்பக் காரில் டயர் தேய்ந்து சாவதைவிட மூத்துச் சாவதே அதிகம். ஆகவே ‘நீண்ட நாள் உழைக்கும்’ என்பதற்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தின் ஒரு பகுதி பயன்படாமலே போகிறது. திருப்பூருக்கும் சேலத்துக்கும் அன்றாடம் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு அந்தப் பணம் வீணன்று.

அப்படியானால் உயர்ந்த விலை எதற்கு? ஈரச் சாலையில் நிற்பதற்கு. மிச்செலின் நிறுவனம் 1992இல் ரப்பரில் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்தது. உருளும்போது ஆற்றல் வீணாவதும் குறைந்தது. ஈரப் பிடிப்பும் கெடவில்லை. அன்று அது பெரும் விலைப் பொருள். இன்று இந்திய நிறுவனங்களும் அந்த முறையைப் பயன்படுத்துகின்றன. அரசும் சும்மா இருக்கவில்லை. கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்றானது. 2022இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரப் பிடிப்பு, உருளல் தடை, ஓசை ஆகிய மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ் 142 என்ற தரத்தை அறிவித்தது. ஆகவே இன்று முறையாகத் தயாராகிப் புதிதாக வரும் நம் நாட்டு டயர், விலை குறைவு என்பதற்காகவே ஆபத்தானதாகிவிடாது. வெளிநாட்டுப் பெயர் தாங்கிய டயர்களிலும் பல இந்தியாவிலேயே செய்யப்படுகின்றன. அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் இடையே ஈரச் சாலையில் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புதிய டயருக்கும் ஆறாண்டு கடந்த டயருக்கும் உள்ள வேறுபாட்டை நான் அந்தப் பாலத்து இறக்கத்தில் என் காலடியிலேயே உணர்ந்துவிட்டேன்.

இறுதியில் இடைப்பட்ட விலையில், ஈரப் பிடிப்புக்கு நல்ல பெயர் பெற்ற ஒரு டயரைத் தேர்ந்தேன். ஒன்று 5,300 ரூபாய், நான்குக்கு 21,200. பணம் கொடுக்கும் முன் நான்கு டயர்களின் இலக்கங்களையும் படித்தேன். அவற்றில் ஒன்று பதினோரு மாதப் பழையது. மாற்றித் தரக் கேட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குள் செய்யப்பட்டவையே நான்கும். எங்கள் காருக்குரிய 185/65 ஆர்15 88 எச் என்ற அளவிலும் மாற்றம் செய்யவில்லை. அதில் 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். அவ்வளவு வேகம் நமக்குத் தேவையில்லை. ஆனால் கார் செய்தவர் குறித்ததற்குக் கீழே இறங்கக் கூடாது.

அங்கே கற்ற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையில் இரண்டு டயருக்கு மட்டுமே பணம் இருந்தால், புதியவற்றை முன்னால் போடத்தான் நமக்குத் தோன்றும். பின்னால் போடுவதே சரி. மழையில் முன் சக்கரம் வழுக்கினால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீட்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நம்மைப் போன்றவர்களால் மீட்க முடியாது.

காசே செலவில்லாத ஒரு காரியமும் உண்டு. தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமானங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 1960களில் ஒரு தோராயக் கணக்கு தந்தார்கள். அதன்படி 33 பி.எஸ்.ஐ காற்றழுத்தத்தில் அது சுமார் 95 கிலோமீட்டர்; 24 ஆகக் குறைந்தால் சுமார் 82. விலை உயர்ந்த டயரில் காற்று குறைவாக வைத்திருப்பவர், தாம் கொடுத்த பணத்தைத் தாமே கரைக்கிறார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நம் காருக்குரிய அளவு பெரும்பாலும் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஜும்ஆ நாள் காலையில், என் மகள்தான் அளவு பார்த்து நோட்டில் எழுதுகிறாள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசியவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதை நம் பொருளைக் காக்கும் பாடமாகவே நான் இதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டாத ஒட்டகம் பிறர் வயலிலும் இறங்கும் அல்லவா? ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நான்கு உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான் நம் வீட்டாரை மட்டுமன்றி, முன்னால் செல்கிறவர் வீட்டாரையும் சேர்த்துச் சாலையில் இறங்குகிறோம். மச்சான் சொன்ன ‘உயிர்’ என் உயிர் மட்டுமன்று. அங்கே கஞ்சத்தனம் பிறர் ஹக்கைப் பறிப்பதாகும். ஊரார் பார்வைக்காகத் தேவைக்கு மேல் செலவிடுவது இஸ்ராஃபாகும். நடுவில் நிற்கும் வழி நமக்குப் புதியதன்று; கடையில் போய் நிற்கும்போது மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

நவம்பரில் மீண்டும் நல்ல மழை. அதே இறக்கம். அம்மா முன் இருக்கையில் இருந்தார்கள். முன்னால் ஓர் ஆட்டோ நின்றது, நானும் பிரேக்கை மிதித்தேன், கார் நின்றது. சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அம்மா மட்டும், பிடித்திருந்த கைப்பிடியை விடாமலே, "எவ்வளவுப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "என் மருந்துக்கு வெச்சிருந்த காசா?" என்றார்கள். இல்லை என்றேன். பாட்டுப் பெட்டியை விற்றது அவர்களுக்குத் தெரியாது. வந்தது ஆறாயிரம்தான், மீதியை இரண்டு மாதத் தவணையில் கட்டினேன். இப்போது காரில் அம்மாவின் திக்ரும் மகளின் பேச்சும் மட்டுமே கேட்கின்றன.

நாளை ஃபஜ்ருக்குப் பிறகு வெளிச்சம் வந்ததும், உங்கள் காரின் பக்கத்தில் ஒரு நிமிடம் குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறந்துவிடாதீர்கள். என் அம்மாவுக்காக துஆச் செய்யுங்கள். அந்தப் பெயர் தெரியாத குழந்தைக்காகவும்.

வஸ்ஸலாம்.