சுவர்ப்பக்க வேலை

திருவல்லிக்கேணி ஒட்டுக்குடித்தன வீடுகளில் மூன்றடி நடைதான் வாசல், வண்டி ஷெட், துணி காயப்போடும் இடம் எல்லாம். அப்படியொரு நடையில் பழைய புல்லட்டுக்கு வேலை பார்க்க வந்த மெக்கானிக் பாய், தோளில் தொங்கிய பையை இறக்குவதற்கு முன்பே வண்டியின் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, சென்டர் ஸ்டாண்ட் போட்டார். 160 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி. யாரையும் கைகொடுக்கக் கூப்பிடவில்லை.

ஏன் இடப்பக்கம் என்று கேட்டேன். “டேப்பெட், பாயிண்ட், ஆயில் ஃபில்டர், கிக்கர் எல்லாமே வலப்பக்கம் சார். இந்தப் பக்கம் நான் உக்கார இடம் இருந்தா போதும்.” வார்ப்பிரும்பு எஞ்சின் வந்த பழைய 346 சிசி வண்டிகளுக்குத்தான் இந்தக் கணக்கு. பின்னால் வந்த ஒரு வகை எஞ்சினில் டேப்பெட் ஹைட்ராலிக். அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

டேப்பெட் மூடியை ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. வீடு விசாலமானாலும் அந்த மூடிக்குள் இருக்கும் இடம் குறுகல்தான். அதற்கென்றே அரத்தில் ராவி மெலிதாக்கிய ஸ்பானர்களை வைத்திருந்தார். கிக்கரை இறுகும் இடம்வரை இறக்கி, டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்: பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலை. பிறகு புஷ் ராடை இரு விரலால் உருட்டினார். அது தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடியது. லாக் நட்டைத் தளர்த்தி, கடுகளவு திருப்பி, இறுக்கி, மறுபடி உருட்டினார். இறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால் இதையே திரும்பத் திரும்பச் செய்தார். பாயிண்டுக்கு மட்டும் ஃபீலர் கேஜ் வெளியே வந்தது; 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம்.

டேப்பெட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆயில் சூடாக இருந்தால்தான் முழுக்க வடியும். அதனால் ஆயில் வேலை கடைசி. கழற்றியதை எல்லாம், கழற்றிய வரிசையிலேயே படிக்கட்டில் படிக்கு ஒன்றாக வைத்தார். மாடி வீட்டுக்காரர்கள் தாண்டித் தாண்டி ஏறினார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மாடத்தில் விளக்கேற்ற ஓர் அம்மா வந்தார். “கார்புரேட்டர் கழட்டுறேம்மா, அரை மணி கழிச்சு ஏத்துங்க.” பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அதுபோலவே நடைக்குள் எஞ்சினை ஓடவிடவும் மாட்டார். தெருவுக்குத் தள்ளிப்போய்தான் ஸ்டார்ட் செய்தார். மூடிய இடத்தில் புகை ஆளைக் கொல்லும் என்பது பழகியவர்களுக்கே மறந்துபோகிற சங்கதி.

“அப்படியே கிளட்சையும் பாத்துடுங்க பாய்” என்றார் வண்டிக்காரர்.

“அது சுவர்ப்பக்கம் சார். செயின் கேஸைத் தொறந்தா ஆயில் நடை முழுக்க ஓடும். கடைக்குக் கொண்டாங்க.”

கூலியில் பேரம் நடந்தது. ரெண்டு நட்டுதானே திருப்பினீர்கள் என்றார் வண்டிக்காரர். வீடு தேடி வருபவருக்குக் கடையைவிடக் குறைவாகவா தருவது என்று பிறகு நான் கேட்டேன். “கடையில டீ குடிச்சிட்டு பில்லை மட்டும் பாப்பாரு. இங்க பக்கத்துலயே நின்னு என் கையைப் பாக்குறாரு” என்று சொல்லிக்கொண்டே பழைய ஆயில் கேனைத் தன் ஸ்கூட்டரில் கட்டினார். அதை எடைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாராம்.